கூறு விலை

கேத்தி பாலாடாவில் விடியற்காலை மூன்று.
கேரட் கழுவும் எந்திரம் கிளம்பும்போதெல்லாம்
ஆபீஸ் பல்பு ஒரு சுற்று மங்கும்.
மோடத்தின் பச்சைப் புள்ளி அணையும்,
யோசிக்கும்,
மறுபடி வரும்.
வந்திருக்கும் நேரத்தில்தான் நான்
விளையாட்டுக் கடைக்குள் போய் நிற்கிறேன்.

ஒன்பது விளையாட்டு, ஒரே கூறாக,
ஐநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
தள்ளுபடி முடிய இன்னும் மூன்று மணி நேரம்.
தனித்தனியாக என்றால் நாலாயிரத்துச் சொச்சமாம்,
கோடு அடித்துக் காட்டியிருக்கிறார்கள்.
அடித்த விலையை எவ்வளவு நம்பலாம் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
மூட்டை விலையை நாளுக்கு இரண்டு முறை
அடித்து எழுதுகிறவள் நான்தான்.

மேலே அடுக்கியிருப்பது அழகுதான்.
தபால் பை சுமந்து மலையேறும் நத்தை.
பூனைகள் நடத்தும் லாட்ஜ்.
லிஃப்டுக்குள் குடியிருக்கும் ஒரு குடும்பம்.
சாக்கின் வாயில் நீளக் கேரட்டாகப் பொறுக்கி வைப்பது
எங்களுக்குத் தெரியாத வித்தையா?

ரசீதின் பின்பக்கத்தில் கழித்தேன்.
பூனை லாட்ஜ் போன பொங்கலுக்கே வாங்கியாச்சு,
இன்னும் திறக்கவில்லை.
இரண்டுக்கு என் லேப்டாப் மூச்சு வாங்கும்.
ஒன்று முப்பது ஜிபி. ஐந்து ராத்திரி இறங்கும்,
நாலாவது ராத்திரி அறுந்துபோகும்.
ஒன்று பேய்.
கக்கூஸ் போகிற வழியில் காட்டெருமை நிற்கிற ஊரில்
பயத்துக்குக் காசு கொடுப்பதில்லை.
சீட்டாட்டம் எனக்கு ஆகாது.
லிஃப்ட் குடும்பம் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடுமாம்.
நத்தைக்கு ஆள் இரண்டு வேண்டும்:
ஒருவர் நத்தை, ஒருவர் ஓடு.
ஓட்டுக்கு நான் எங்கே போவேன்?

மாதன் சாக்கின் வாயைப் பார்ப்பதே இல்லை.
முழங்கை வரை கையை விட்டு
அடியிலிருந்து ஒன்றை உருவி
ஒடித்துக் கடித்துவிட்டுத்தான் விலை சொல்வான்.

நானும் பட்டியலின் அடிக்குப் போனேன்.
பெயர் ஏதோ பனி தேசத்து மொழி, வாயில் நுழையவில்லை.
செய்தது ஒரே ஆள், ஆறு வருஷம்.
முன்னோட்டத்தில் இருட்டு. ஒரு தோட்டம்.
நெற்றியில் விளக்குக் கட்டிய ஒருத்தி
குனிந்து எதையோ பிடுங்குகிறாள்.
கூடை நிறைந்ததும் நிமிர்கிறாள்.
வெளிச்சம் போய் மலையில் விழுகிறது.
மலை கொஞ்சம் தெரிகிறது.
அவ்வளவுதான்.

ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
எதிர்ச் சரிவில் ஏழு நெற்றி விளக்குகள்.
அவர்களுக்குக் கூலி உண்டு.
நான் காசு கொடுத்துக் குனியப் பார்க்கிறேன்.
ஆனாலும் அந்த மலை,
தெரிந்துவிட்டு அணைந்த விதம்.

தனியாக அதன் விலை நானூற்று எண்பது.
இன்னும் அறுபத்தொன்பது போட்டால் எட்டும் கொசுறு.
டீ கொண்டுவந்த மாதன் எட்டிப் பார்த்தான்.
"எட்டு கொசுறா? கண்ணை மூடிட்டு எடு."
ஒரு மடக்குக் குடித்துவிட்டு,
"ஆமா, எப்ப ஆடுவே?"

போன வருஷம் விலை விழுந்த வாரம்
சாக்கே பிரிக்காமல் தொண்ணூறு மூட்டை கிடந்தது.
மாடும் முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல்
இரண்டு நாள் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தேன்.
என் லேப்டாப்பில் திறக்காதவை
நாற்பத்தொன்று.

ஒன்றை மட்டும் வாங்கினேன். நானூற்று எண்பது.
மாதன் தலையில் அடித்துக்கொண்டான்.
"கொசுறை வேண்டாம்னு சொன்னவளை
இன்னிக்குத்தான் பாக்கறேன்."
எனக்கும் கொஞ்சம் அடித்துக்கொள்ளத் தோன்றியது,
நத்தையை நினைத்து.

இறங்கி முடிய பதினோரு மணி நேரம் என்கிறது திரை.
அதற்குள் லாரி பர்லியார் வளைவெல்லாம் இறங்கி
மேட்டுப்பாளையத்தில் மூட்டையைத் தள்ளி
வெறும் சாக்கோடு ஏறி வந்துவிடும்.
எந்திரம் மறுபடி கிளம்புகிறது.
பச்சைப் புள்ளி அணைகிறது.

யோசிக்கட்டும்.