முதல் பிரதிவாதிக்காக

இரணியல் முன்சீப் கோர்ட்டில்
மூன்று தடவை அவள் பெயரை விளித்தார் டவாலி.
நான் எழுந்தேன்.
சட்டப்படி அவள் நான்தான்.

"இந்தப் பிரதிவாதி பணிவுடன் சொல்வதாவது"
என்று தொடங்கும் எதிருரை, பதினோரு பக்கம்.
ரோணிக்கம்மாள் பிறந்ததிலிருந்து
எதையும் சொன்னதில்லை,
பணிவாகவும்.

ஒரு ஞாயிறு, பூசை கழிந்து,
குறும்பனைக்குப் போனேன்.
வாதி, அவள் அண்ணன் பங்கிராஸ்,
நாற்காலி போட்டு வரைபடம் விரித்தான்.
நாலு சென்ட்:
பச்சை அவனுக்கு,
கடல் தின்று மிச்சம் வைத்த சிவப்பு அவளுக்கு.
"அவளுக்கு என்ன தெரியும் சாரே."

அவள் என் சட்டைக்கையைப் பிடித்து
இழுத்துக்கொண்டு போனாள்,
பச்சைக்குள் இருந்த சாய்ப்பறைக்கு.
உள்ளே போய்க் கொண்டி போட்டாள்.
தட்டினேன்.
திறக்கவில்லை.
வெயிலில், கருவாட்டு வாடையில்,
கோர்ட் நியமித்த காப்பாளன்.

திங்களன்று கூடுதல் எதிருரை தாக்கல் செய்தேன்,
ஒரே பத்தி:
உள்ளிருந்து அடைக்கும் கதவு
இந்தப் பிரதிவாதிக்கு வேண்டும்.

"அது உமக்கெப்படித் தெரியும்?"
என்றார் எதிர்வக்கீல்.

"வெளியே நின்றேன்."

யாரோ சிரித்தார்கள். மின்விசிறி சுற்றியது.
வாய்தா,
ஓணம் கழிந்து வரும் புதன்.