ஏழாம் கட்டில்

புந்தா அரேனாஸில் ஆகஸ்ட்.
காற்று ஜன்னலைப் பெயர்க்கப் பார்க்கிறது.
ஏழாம் கட்டிலில் அமாரோ, நான்கு மாதம்,
நெஞ்சுக்குள் சின்னதாய் ஒரு கெட்டில் கொதிக்கிறது.

மூக்குச் சளியில் வைரஸ் அகப்பட்டுவிட்டது.
"காரணம் கிடைத்தாயிற்றே, இன்னும் என்ன தேடல்?"
கோட்டை மாட்டியபடி கேட்டுவிட்டுப் போனார் டாக்டர் ப்ராலிச்.
ஒரு திருடன் பிடிபட்டதும்
தெருவே தாழ் போடாமல் தூங்குமே, அப்படி.

ஐந்தாம் நாள்.
மூச்சு நிதானப்பட்டுவிட்டது.
காய்ச்சல் மட்டும் முப்பத்தொன்பதில் குந்தியிருக்கிறது.

அதனால்தான் நடுநிசியில் இப்படி நிற்கிறோம்:
பால் குடித்து இருபது நிமிடம் ஆனவனை
அக்குளில் கைகொடுத்துத் தொங்கவிட்டிருக்கிறாள் தனித்சா.
அடிவயிற்றில் விரல்நுனியால் தட்டுகிறேன்.
முதுகின் அடியில் கட்டைவிரலால் வட்டம்.
மறுபடி தட்டல்.
கழுவித் துடைத்த இடத்துக்குக் கீழே
மூடி திறந்த டப்பி.
பதினாறு வருட வேலையில்
இத்தனை பயபக்தியோடு நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

முதல் முறை நனைந்தது என் சட்டைக்கை.
தனித்சா சிரித்துவிட்டாள்,
சிரித்ததற்கு வெட்கப்பட்டு
அவன் உச்சந்தலையில் முகம் புதைத்தாள்.

இரண்டாம் முறை டப்பிக்குள்.
இரண்டு ஸ்பூன் இருக்கும். இளஞ்சூடு.
கொஞ்சம் கலங்கல்.

எட்டாம் கட்டில் பெண்ணுக்கும் நேற்று எடுத்தோம்,
ஒன்றுமில்லை என்று வந்தது.
பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் வரும்.

உள்ளங்கையில் பொத்தி
லேபுக்கு நடக்கிறேன்.
பேச்சு வராதவன்
எரிகிறது என்று எப்படிச் சொல்வான்?
சொன்னான்தான்,
ஒவ்வொரு முறை ஈரமாகும்போதும் வீறிட்டு.
நாங்கள் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.