அளவு

இருபத்தேழு.
நேற்று நான் எண்ணியது.
அதற்குள் தூங்கிவிட்டேன்; மிச்சம் கணக்கில் இல்லை.

கஸ்பார் குறட்டை விடும்வரை பயமில்லை.
எஞ்சின் ஓடுகிறது, விசைப்படகு எங்கோ போகிறது.
நிற்கும்போதுதான்.
பாம்பன் பாலத்தை ரயில் தாண்டிய பிறகு வரும் அமைதி
அவன் தொண்டைக்குள்.
வயிறு ஏறி இறங்கும், காற்று மட்டும் வராது.

ராமநாதபுரத்து டாக்டரம்மா சொன்னார்:
காற்று கிடைக்காத செல்
தன் உடைசலைத் தானே தின்னும்.
பழுதைப் பொதிந்து, கரைத்து,
அடுத்த வேளைக்கு அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.
நல்லதுதான், என்றார்.
ஒரு அளவுக்கு.

அளவு எனக்குத் தெரியும்.
போன தடைக்காலம், கேஸ் தீர்ந்த வாரம்,
உளுத்த அணியப் பலகையைப் பிளந்து அடுப்பில் வைத்தேன்.
உலை கொதித்தது.
மறுநாள் ஐஸ்பெட்டியின் முறிந்த சட்டம்.
பிறகு, முறிந்தது எதுவும் மிஞ்சாத ஒரு சாயங்காலம்
துடுப்பைப் பார்த்தேன்.
கையில் எடுத்தேன்கூட.

கடலுக்குத் தடை அறுபத்தொரு நாள்.
இந்தத் தொண்டைக்குத் தேதி போட
எந்த ஆபீசும் இல்லை.
வாடகைக்கு வந்த மூச்சு மெஷினை
'யானைத் தும்பிக்கை' என்று சிரித்து
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

இதோ, மறுபடி.
பதினாறு நொடி. பதினேழு.
உள்ளே, இருட்டில், எதில் கை வைக்கிறார்கள் இப்போது?
உளுத்ததிலா, துடுப்பிலா?

விலாவில் இடித்தேன்.
செருமிப் புரண்டான்.
"காத்து மாறிருச்சா?"
கண் திறக்கவில்லை.

"இல்ல, கச்சான்தான். தூங்கு"
என்று சொல்லிக்கொண்டே
கட்டிலுக்கடியில் துழாவுகிறேன்,
குழாய் எங்கே, முகமூடி எங்கே.