வேறெங்கும் குறிப்பிடப்படாதது

எல் என்றால் பகல். எல் என்றால் இரவு.
நம் அகராதி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.
டுலூத் நகரில், ஏரி கல்லாகிக் கிடக்கும் ஜனவரியில்,
மார்லிஸ் ட்வெய்ட்டின் மேசையில்
எல் என்றால் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஏதோ ஒன்று.
பின்னால் நான்கு இலக்கம்.
அதற்கும் பின்னால், வந்தால், பணம்.

எல் 1846: அளவெடுத்துச் செய்த முழங்கால் தாங்கி,
இரு பக்கமும் தண்டு.
எல் 2405: தானே விழுந்து பூட்டிக்கொள்ளும் பூட்டு, ஒன்றுக்கு.
இரண்டு என்று எழுத மறந்தால்
மற்றது கடையின் தருமம்.
எல் 2830 முட்டிக்கு மேல் மெத்தை.
எல் 2820 முட்டிக்குக் கீழ் மெத்தை.
நடுவில் இருக்கிறதே முட்டி,
அதற்கு எண் கிடையாது.

வைனோ கங்காஸ், தாதுக் கப்பல் துறையில் வெல்டர்.
தொடை தூண், கெண்டைக்கால் குச்சி.
கடையில் தொங்கும் ஆயத்தத் தாங்கி
பத்தே அடியில் கணுக்காலுக்கு இறங்கிவிடும்,
பழைய காலுறை மாதிரி.
அதை எழுதினாள். சென்டிமீட்டரில் எழுதினாள்.
‘எதற்காகத் தேவை?’ என்ற கட்டத்தில்
அவர் சொன்னது: மண்டியிட.
அவள் எழுதியது: நடக்க.
நடப்பது தேவை, மண்டியிடுவது ஆசை என்பது
காப்பீட்டின் சித்தாந்தம்.

கீல் மடங்கும் இடத்தில் தோல் சிக்குகிறது என்று
பட்டறையில் தியோஃபில் ஒரு நாக்கு தைத்தான்,
மான்தோல், இரண்டு விரல் அகலம், பதினொரு டாலர்.
நாக்குக்கு எண் இல்லை.
எண் இல்லாததற்கும் ஓர் எண் உண்டு, எல் 2999:
வேறெங்கும் குறிப்பிடப்படாதது.
மார்லிஸுக்கு அந்த எண்மேல் ஒரு பிரியம்,
வெளியே சொல்லமாட்டாள்.

மறுப்புக் கடிதம் பிப்ரவரியில்.
‘நாக்கின் அவசியம் நிறுவப்படவில்லை.’

நாற்பத்தேழு நிமிடம் புல்லாங்குழல் கேட்டபின்
ஒமாஹாவிலிருந்து ஆர்டித் என்று ஒரு குரல்.
‘கடிக்கும் என்கிறீர்கள். எப்படித் தெரியும்?’
அலமாரியில் மாதிரித் தாங்கி ஒன்று, நாக்கு இல்லாதது.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு
மார்லிஸ் அதைத் தன் காலில் மாட்டினாள்,
வார் இழுத்தாள்,
மேசைக்கடியில் மெல்ல மண்டியிட்டாள்.
அங்கே ஒரு பேனா மூடி, தூசி,
போன வருடத்துக் கிறிஸ்துமஸ் மிட்டாய்.
பிறகு ஒரு சத்தம்.
‘கடித்துவிட்டது,’ என்றாள்.
மறுமுனையில் கீபோர்டு நின்றது.
‘ரத்தமா?’
‘காலுறை கிழிந்தது. கொஞ்சம் ரத்தமும்தான்.’
‘இருங்கள்,’ என்றது ஒமாஹா. மறுபடி புல்லாங்குழல்.

மார்ச்சில் வந்த கடிதம்:
நாக்கு, பதினொரு டாலர், ஏற்கப்பட்டது.
பூட்டு, மெத்தை, தாங்கி, எல்லாம் மறுக்கப்பட்டன.
காரணம்: டாக்டர் எழுதியது வலது கால்,
பில்லில் இருப்பது இடது.
மார்லிஸ் பில்லைப் பார்த்தாள்.
ஆர்.டி. இருக்கவேண்டிய இடத்தில் எல்.டி.
அவள் விரல்தான். வேறு யார் விரல்.
மத்தியானம் வரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு எழுத்தைத் திருத்த ஆறு வாரம்.
நான்கில் மூன்று பங்கு அவர்கள்;
காலுக்கான கணக்கில்
கால் பங்கு கங்காஸ்.

ஏப்ரல் இறுதி. பனி சேறாகிவிட்டது.
தாங்கியை மாட்டிக்கொண்டு அவர் வெளியே போனார்.
ஜன்னலில் தெரிந்தது:
லாரிக்கு அடியில் எதுவோ சொட்டுகிறது,
அவர் கதவைப் பிடித்தார்,
வலது முட்டியை மெல்ல,
விலை உயர்ந்த கண்ணாடியை வைப்பதுபோல,
சேற்றில் வைத்தார். எட்டிப் பார்த்தார்.
எண்ணெய்தான்.
கெட்ட வார்த்தை ஒன்று, ஃபின்னிஷ் மொழியில்.

எழ நேரமாயிற்று.
மார்லிஸ் அடுத்த கோப்பைத் திறந்தாள்,
இடதா வலதா என்று
ஒன்றுக்கு மூன்று தரம் பார்த்தாள்.