இரண்டாம் மணி

முதல் மணியை எட்டுக்கு அடித்தேன்.
எட்டரைக்கு இரண்டாம் மணி. அதை அடிக்கவில்லை.
கயிறு கையில்தான் இருந்தது.

திருவிருந்துப் பாத்திரம் எடுக்க
வெஸ்ட்ரிக்குள் போனபோது பார்த்தேன்.
போதகர் சோபிதராஜ் மேசையில் கவிழ்ந்து கிடந்தார்,
கன்னத்துக்கு அடியில் ஞானஸ்நானப் பதிவேடு.
ஒரு காலில் மட்டும் ஷூ.
அங்கியில் மூன்று பொத்தான் போட்டிருந்தார்,
நாலாவதுக்குப் போகும் வழியில் தூங்கிவிட்டார்.
தலைக்கு நேர் மேலேதான் மணிக்கூண்டு.
முதல் மணி அவரைத் தொடவே இல்லை.

பயந்துபோய் மூச்சைக் கவனித்தேன்.
இருந்தது. லேசான குறட்டையும்.

சனிக்கிழமை அவர் போன இடமெல்லாம் எனக்குத் தெரியும்,
பாதித் தூரம் பைக்கின் பின்னால் நான்தான்.
கடையாலுமூட்டில் அடக்கம். குழிக்குள் ஊற்று கண்டு
வேறிடத்தில் தோண்ட வேண்டிவந்தது.
சேறு பட்ட அங்கியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு
அருமனையில் நிச்சயதார்த்தம்;
சிரிக்கச் சொன்ன போட்டோக்காரனுக்காகச் சிரித்தார்.
பிறகு ஒரு அண்ணன், ஒரு தம்பி, நடுவில் ஒரு வேலிக்கல்.
ராத்திரி பதினொன்றுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
லில்லிபாயின் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது.
போனார். குழந்தை பிழைத்தது.
அவர் திரும்பியபோது பால்வெட்டுக்காரர்கள்
தலைவிளக்கு மாட்டிக்கொண்டு இறங்கும் நேரம்.

நானும் வெட்டுக்காரனாக்கும். இருநூற்று நாற்பது மரம்.
ஒன்றுவிட்ட நாள்தான் கத்தி வைப்போம்.
இலை உதிரும் மாசியில் சிரட்டையைக் கவிழ்த்துவிடுவோம்.
ஆசைப்பட்டுத் தினமும் வெட்டிய மரம்
ஒருநாள் பட்டை மரத்துப்போகும்;
கத்தி போகும், பால் வராது.
மரத்துக்கு இதைப் பார்க்கத் தெரிந்த ஊர்தான் இது.

படகில் உறங்கியவரை உலுக்கினார்களே, அதை நினைத்தேன்.
அங்கே புயல்.
இங்கே வெறும் தூறல்,
அதுவும் பாறசாலைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

கதவை மெல்லச் சாத்தினேன்.

எட்டே முக்கால்.
செயலாளர் கனகமணி கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.
பாடகர் குழு புத்தகத்தைத் திறந்து, மூடி, திறந்தது.
பின்வரிசையில் ஒரு பிள்ளை ஏப்பம் விட, யாரோ சிரித்தார்கள்.
அப்புறம் யாருக்கும் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று.
கரண்ட் இல்லை, விசிறிகள் நின்றிருந்தன.
கோதையாற்றுத் தண்ணீர்
இத்தனை வருஷமும் பாட்டுக்கு அடியில் ஓடியிருக்கிறது போல;
அன்றைக்குத்தான் கேட்டது.
புருஷனைக் குழிக்குள் இறக்கும்போது அழாத ஞானதீபம்
அந்தச் சும்மா இருந்த நேரத்தில்
அழுது முடித்தாள்.

ஒன்பது பத்துக்கு வெஸ்ட்ரி திறந்தது.
அவர் கன்னத்தில் பதிவேட்டின் தையல் பதிந்திருந்தது.
"தூங்கிவிட்டேன்" என்றார்.
எழுதி வைத்த பிரசங்கத்தை எடுக்கவில்லை.
ஐந்து நிமிஷம் பேசினார்,
பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பேசுவது மாதிரி.

கமிட்டியில் என்னிடம் கேள்வி வந்தது.
கயிறு சிக்கிவிட்டது என்றேன்.
பொய்தான், அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.
புதுக் கயிறு வாங்கத் தீர்மானமாயிற்று,
நைலான், நானூற்று எண்பது ரூபாய்.
போதகரைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை விடிய விடிய மழை. வெட்டு இல்லை.
நோட்டீஸ் பலகையில் அவர் நம்பருக்குக் கீழே
என் நம்பரையும் எழுதினேன்.
கயிறு கட்டக் கூண்டில் ஏறியபோது அவர் வீடு தெரிந்தது.
வாசலில் பைக், சீட்டின்மேல் சாக்கு.
மழை விட்ட இடைவெளியில் உள்ளே போன் அடித்தது.
மணியடிக்கிறவன் பழக்கம், எண்ணினேன்.
ஒன்பது அடித்து நின்றது.
மறுபடி அடித்தது, மறுபடி நின்றது.
யாரும் எடுக்கவில்லை.

ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு
முடிச்சை இறுக்கினேன்.