அம்புக்குறி

பண்டல் சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்.
மூன்று வரிதான் கொள்ளும்.
நாலாவது எழுதினால் நூல் கட்டும் ஓட்டையில் போய் முட்டும்.
அதனால் மூன்றே மூன்று.

வெடியால நாலே முக்காலுக்கு
குக்கர் இரண்டாம் விசில் போடுமுன் எழுதிவிடுவேன்:
தண்ணி விடும் நாள், குடம் கழுவி வைக்க.
கேஸ் புக்கிங்.
செங்கோடனிடம் கேட்க.

முதல் இரண்டும் பொழுதோட அடிபட்டுவிடும்.
மூன்றாவது மட்டும்
டிபன் மூடிக்குள் வீடு வந்து
மறுநாள் சீட்டில் ஏறி உட்காரும்,
கிளம்ப மனசில்லாத ஒறம்பரை மாதிரி.

என்ன கேட்க என்று எழுதியதில்லை.
யாராவது படித்துவிட்டால்?
படித்தார், வீட்டுக்காரர்.
லோடு ஆட்டோ சாவியைத் தேடும்போது.
"செங்கோடன் நமக்குக் கடன் தரணுமா?"
தரணும் என்றேன்.

அங்கேரிபாளையம் ரோட்டுக் கம்பெனி,
ஒன்பது வருசம் செக்கிங் டேபிள்.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்தால்
கண் போகுமுன் விரல் போகும்.
தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை,
கண்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்.
பிறத்தியார் தப்பைக் காட்டிக் காட்டியே
பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாயிற்று.
எனக்கோ தைக்க வேண்டும்.
ஓவர்லாக்கில் என் காலை வைத்து
என் கையில் துணி ஓட வேண்டும்.
டெய்லர் சம்பளமும் வேண்டும், அதை ஏன் மறைக்க.

செங்கோடனிடம் கேட்க.
செங்கோடனிடம் கேட்க.
முதலில் பேனாவை அழுத்தி எழுதினேன்,
பிறகு 'செங்' என்று மட்டும்,
பிறகு வெறும் 'செ'.
முப்பத்தியோராம் தடவை 'செ' எழுதிய வெடியால
எனக்கே என்மேல் நெம்பச் சலித்துவிட்டது.
தைரியம் வந்து கேட்டேன் என்று சொல்லமாட்டேன்.
எழுதி மாளவில்லை, கேட்டேன்.

அவர் கட்டிங் மாஸ்டரோடு சண்டையில் இருந்தார்.
"திங்கக்கிழமை பாக்கலாம் அம்மணி."
திங்கள் எழுதினேன்.
பெருமாநல்லூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.
செவ்வாய் எழுதினேன்.
புதன் மத்தியானம்
ஒரு மூட்டை வேஸ்ட் பீஸைக் காலால் தள்ளிவிட்டு,
"சாப்பாட்டு நேரத்துல இதுல ஓட்டிப் பழகுங்க"
என்று போய்விட்டார்.
இவ்வளவுதானா என்று இருந்தது.

அன்றிலிருந்து சீட்டு மாறியது.
இன்று நேர்த் தையல் இருபது.
இன்று கழுத்து வளைவு ஐந்து.
இன்று நூல் கோர்க்க மட்டும்.
பத்து நிமிசம் சோறு, இருபது நிமிசம் மெஷின்.
என் முதல் தையல் நொய்யல் மாதிரி
நினைத்த இடத்தில் வளைந்து
சில இடத்தில் இல்லாமலே போனது.

சில நாள் கரண்ட் இல்லை.
ஷிப்மெண்ட் அவசரத்தில் ராத்திரியும் வேலை,
ஒரு வாரம் சீட்டே எழுதவில்லை.
எட்டாம் நாள்
விட்டதற்கெல்லாம் சேர்த்து எழுதப் பார்த்தேன்.
மூன்று வரிதான் கொண்டது.
நல்லவேளை.

தீபாவளிக்கு முந்தின வாரம்
ஒரு டெய்லர் வரவில்லை.
யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
செங்கோடன் அந்த நாற்காலியைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்,
நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது பீஸ்.
என் பழைய இடத்தில் இப்போது சிந்தாமணி.
அவள் விரல் ஓடி ஓடி ஒரு பீஸில் நின்றது.
என் பக்கம் திரும்பினாள்,
ஸ்டிக்கர் உரிக்கக் கொஞ்சம் யோசித்தாள்.
"ஒட்டு புள்ளே" என்றேன்.
ஒட்டினாள்.
"தோள்ல மூணு தையல் விட்டுப்போச்சுங்கக்கா."

பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.
அந்த அம்புக்குறியை மட்டும் எறிய மனசு வரவில்லை.

நாளைச் சீட்டின் தலைப்பில் ஒட்டியிருக்கிறேன்.
மிச்ச இடத்தில் இரண்டு வரிதான் கொள்ளும்:

தோள், மறுபடி.
கேஸ் புக்கிங்.