சில்லறை பாக்கி

மார்கழியில் விசில் ஊதுகிறவனுக்கு
உதடுதான் முதலில் கிழியும்.
ஏற்காடு ஏற்றத்தில் ஆறாவது வளைவுக்குள்
விசில் உப்புக் கரிக்கும்.
அதனால் காசுப் பையில்,
நாணயங்களோடு உரசிக்கொண்டு,
ஒரு குட்டி வாஸ்லின் டப்பா.

அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தை வாசித்துவிட்டு
டிரைவர் அருள்சகாயம் சிரித்தார்:
"பெட்ரோலியமாம்ப்பா!
நம்ம டேங்க்ல கிடக்கறதுக்குச் சித்தப்பன் மகன்.
அது எரிஞ்சு மலை ஏறுது,
இது உன் வாயில உக்காந்து
சும்மா வருது."

சும்மாதான்.
மணமில்லை, மருந்தில்லை,
சொந்தமாக ஒரு சொட்டு ஈரமும் கிடையாது.
உள்ளே இருப்பதை
வெளியே விழாமல் பார்த்துக்கொள்ளும்,
படிக்கட்டில் நிற்கும் என்னைப் போல.
விரலில் பட்டுவிட்டால் மட்டும்
டிக்கெட் வழுக்கும்.

லீ பஜார் வெங்காய மூட்டையோடு வந்த
நாகலூர் வெள்ளச்சிக்கு
லக்கேஜ் போக ஆறு ரூபாய் தரவேண்டும்.
என்னிடம் சில்லறை இல்லை.
"அப்ப அதுல கொஞ்சம் குடு."

ஏரி முன்னால் இறங்கி, மூட்டைமேல் உட்கார்ந்து
குதிகாலைத் திருப்பினாள்.
வெடிப்புக்குள் ரோட்டுத் தார்
கோடு கோடாக ஏறிக் கிடந்தது.
அதுவும் இதற்குப் பங்காளிதான்.
கட்டைவிரலால் ஆழமாக ஒரு தோண்டு.
பூசி, மேலே பாலிதீன் பையைச் சுற்றி,
செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.
ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகம்தான்.

இறக்கத்தில் டப்பாவைத் திறந்தேன்.
நடுவில் அவள் விரல் பள்ளம்.
ஏனோ
ஓரத்திலேயே தொட்டுக்கொண்டேன்.